கேசரி அணு

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கும் என் மகள், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அணு வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். தாள் முழுக்கப் பென்சில் புள்ளிகள். நடுவில் நெருக்கம், ஓரத்தில் சிதறல். பவுடர் டப்பா கவிழ்ந்தது போல இருந்தது.

"வட்டம் எங்கடி? எலெக்ட்ரானையெல்லாம் வட்டத்துல போடணுமே?"

"அது ஓல்ட் மாடல்மா. எலெக்ட்ரான் எங்க இருக்குன்னு கரெக்டா சொல்ல முடியாது. எங்க இருக்க சான்ஸ் அதிகம்னு மட்டும்தான் காட்டலாம். கிளவுட் மாதிரி."

நான் உயிரைக் கொடுத்துப் படித்த வட்டங்களை இப்படி ஒரே மூச்சில் ஊதிவிட்டாள். கோபம் வரவில்லை. நெய்யில் வறுபடும் ரவையின் வாசனைதான் மூக்கில் ஏறியது. அணுவுக்கும் ரவைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது ஈஜோக் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் இருந்தோம். தோட்டத்தில் பாதி எண்ணெய்ச் செம்பனையாகிவிட்டது. மீதிப் பாதியில் ரப்பர் பால்மரங்கள் நின்றன. எனக்குப் பதினாறு வயது, நான்காம் படிவம். பள்ளிக்கூடம் கோலசிலாங்கூரில். பஸ் அசாம் ஜாவாவில் நிற்கும்போது நூர்ஜகான் ஏறுவாள். அங்கே அவளுடைய அப்பா, அவள் வாயில் அத்தா, சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். கடையின் மணம் அவள் சீருடையிலேயே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அவள் ஏறிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இருவரும் அறிவியல் வகுப்பு, ஒரே மேசை. அவள் கெட்டிக்காரி. நான் எப்படி அந்த வகுப்புக்குள் வந்தேன் என்பது எனக்கே ஆச்சரியம். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டுப் போட்டு மருந்து எடுத்துக்கொடுக்கும் பெண்ணைச் சிறு வயதில் பார்த்ததிலிருந்து, அந்தச் சன்னலுக்குப் பின்னால் நான் நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். ஆனால் வேதியியலில் இரண்டு முறை தோற்றிருந்தேன். "அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. இதிலும் தவறினால் கலைப்பிரிவுக்கு மாற்றிவிடுவேன்" என்று சொல்லிவிட்டார் எங்கள் சீன ஆசிரியை. பாடம், அணுவின் மாதிரிகள்.

அம்மாவிடம் சொன்னேன். "அவனன்றி ஓரணுவும் அசையாதுன்னு ஒரு வரியில முடிஞ்சத, இத்தன பக்கத்துக்கா எழுதி வச்சிருக்கானுங்க?" என்றார்.

நூர்ஜகான்தான் பஸ்ஸிலேயே பாடம் நடத்தினாள். முதலில் அணுவைக் கோலிக்குண்டு என்றார்களாம். உடைக்க முடியாத குண்டு. அது எனக்குப் பிடித்திருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அடுத்தவர் வந்து 'பிளம் புடிங்' என்றார். எனக்குத் தெரிந்த பிளம், சீனர் கடையில் விற்கும் உப்புப்போட்ட அசாம்போய். அதைப் போய் யாராவது புடிங்கில் போடுவார்களா?

"விடுலா. எங்க கடை கேசரின்னு வச்சுக்க. கேசரி பூரா பாசிட்டிவ். அங்கங்க ஒட்டிக்கிட்டிருக்க திராட்சதான் எலெக்ட்ரான்."

பளிச்சென்று விளங்கியது. வட்டங்களையும் அவள் கடை மேசையாக்கிவிட்டாள். "உள்மேசைக்கு ரெண்டு பேரு, அடுத்த மேசைக்கு எட்டுப் பேரு. மேச நெறஞ்சா சத்தமே இருக்காது. கடைசி மேசையில ஒருத்தன் மட்டும் தனியா ஒக்காந்திருந்தா, எவன் கூப்பிட்டாலும் எந்திரிச்சுப் போயிடுவான். அதான் சோடியம்."

தேர்வன்று ஆசிரியை இரண்டாவது மாதிரியைக் கேட்டார். புடிங் என்ற சொல் தொண்டைக்குள்ளேயே கரைந்துவிட்டது. "கேசரி, சிக்கு" என்றேன். மலாயில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம். தமிழ்ப் பிள்ளைகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஆசிரியைக்கு ஒன்றும் புரியவில்லை. கையிலிருந்த பேனா என் பெயருக்கு நேராகப் போனது. என் வெள்ளைக் கோட்டு போயிற்று என்றே நினைத்தேன்.

நூர்ஜகான் எழுந்தாள். "நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன், சிக்கு. நாளைக்குக் கொண்டுவந்து காட்டுகிறோம்" என்று மலாயில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் தூக்குச்சட்டியில் கேசரி வந்தது. திராட்சையை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி விளக்கினேன். ஆசிரியை ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டு, "சரி, இது ஏன் தப்பாகப் போனது?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நூர்ஜகான் சொல்லிக்கொடுத்த பதில் எதுவும் இல்லை. எங்கள் தோட்டம்தான் கைகொடுத்தது. பால்மர நிரைகளுக்கு ஊடே ரப்பர் கொட்டையை வீசி விளையாடுவோம். பெரும்பாலும் நேராகப் போய்விடும். எப்போதாவது ஒன்று மரத்தில் பட்டு நம் நெற்றிக்கே திரும்பும். அதைச் சொன்னேன். "தங்கத்தகட்டில் விட்ட துகள்களிலும் சில அப்படித் திரும்பின, சிக்கு. அணு வெறும் கேசரியாக இருந்தால் திரும்பாது. நடுவில் கெட்டியாக ஏதோ இருக்கிறது." அந்தக் கேசரி மாதிரியைச் சொன்ன விஞ்ஞானியின் மாணவரே அந்தக் கேசரியை உடைத்தார் என்று பாடத்தில் படித்திருந்ததையும் சேர்த்துக்கொண்டேன். ஆசிரியை சிரித்துவிட்டார். தேர்ச்சி போட்டார். தூக்குச்சட்டியைக் காலியாகத்தான் திருப்பிக் கொடுத்தார்.

இருபத்தைந்து வருடங்களாக மருந்துச் சன்னலுக்குப் பின்னால் நிற்கிறேன். என்னைவிடக் கெட்டிக்காரியான நூர்ஜகானுக்கு எந்தச் சன்னலும் கிடைக்கவில்லை. ஐந்தாம் படிவம் முடிந்த கையோடு கல்யாணம். மாப்பிள்ளை தமிழ்நாட்டில், கடலோரத்து ஊர். மூன்று கடிதம் வந்தது. மூன்றாவதற்கு நான்தான் பதில் போடவில்லை. பரீட்சை, வேலை என்று அப்போது என்னென்னவோ காரணம் இருந்தது. இப்போது ஒன்றும் நினைவில்லை.

போன வாரம் மகளோடு அசாம் ஜாவா பக்கம் போனேன். வழியில் எங்கள் பால்மரங்கள் ஒன்றுகூட இல்லை. லயம் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதி. அத்தாவின் கடை குளிர்சாதனம் போட்ட காப்பிக் கடையாகியிருந்தது. உள்ளே போய், பழைய சமையற்கட்டு இருந்த மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

"கேசரி இருக்காம்மா?" என்று பரிமாறும் பெண்ணைக் கேட்டேன்.

"கேசரி இல்ல ஆன்ட்டி. புடிங்தான் இருக்கு."

வாங்கிச் சாப்பிட்டேன். உள்ளே ஒரு திராட்சைகூட இல்லை.