அக்கா வாசலுக்கு வந்த செவ்வாய்க்கிழமை

இன்று காலை செவிலிமேட்டு வீட்டுக்கு ஜெபக் குழுவினர் இருவர் வந்தார்கள். "வீட்ல யாருக்காவது உடம்பு முடியலையா சார்?" என்று கனிவாகக் கேட்டார்கள். "எல்லாரும் நல்லா இருக்கோம், வேணாங்க" என்று கும்பிட்டு அனுப்பினேன். குரல் கொஞ்சம் கெட்டியாகத்தான் வந்தது. அதற்குக் காரணம் அக்கா.

இளம்பிள்ளை வாதத்தில் அவளுக்கு இடக்கால் சூம்பியிருந்தது. என் சின்ன வயதில், ஞாயிறுகளில் அவளுக்காக ஜெபம் செய்ய ஆட்கள் வருவார்கள், செவ்வாய்களில் பரிகாரம் சொல்ல. கதவு தட்டும் ஓசை கேட்டதும் அக்கா நெசவுத்தறிக்கு அடியில் இருந்த குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்துகொள்வாள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியாது. "அவ நெய்துக்கினு இருக்கா, அப்புறமா வாங்க" என்று அம்மா பக்குவமாக அனுப்பிவிடுவாள்.

என் ஆறாம் வகுப்பு அரைப்பரீட்சை முடிந்த மறுநாள், செவ்வாய்க்கிழமை. பரிகாரம் சொல்ல வந்தவர், "பாவம், போன ஜென்மத்துல என்னா பண்ணுச்சோ" என்றார்.

அக்கா குழியிலிருந்து எழுந்து, விந்தி விந்தி வாசலுக்கு வந்து, தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள்.

"நான் ஒண்ணும் பண்லீங்க. காலு இப்டித்தான் இருக்குது, நல்லாப் பாத்துக்கோங்க. இத வெச்சிக்கினுதான் சேலை நெய்யறேன். தண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்க."

அவர் குடித்துவிட்டுத்தான் போனார். அதன்பின் அக்கா நெய்வதற்கு மட்டுமே குழிக்குள் இறங்கினாள்.