ஒட்சுகரேசமா

யூரோ வந்த புதிதில் டுசல்டோர்ஃபில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடித்துப் போகிற எல்லோருக்கும் சமையல்காரர் தலைகுனிந்து, "ஒட்சுகரேசமா" என்பார். நீ உழைத்துக் களைத்ததை நான் கண்டேன் என்று அர்த்தம். ஜெர்மனிக்கு வந்து அதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

புதிதாக வந்த மேலாளர் ஒருநாள் அதைக் கேட்டுவிட்டு, "இங்கே ஜெர்மன் மட்டும்தான்" என்றார்.

"அப்ப அந்தச் சொல்லுக்கு ஜெர்மனிலை ஒண்டு தாங்கோ" என்றேன்.

"நன்றி."

"நன்றி வேலைக்கு. இது களைப்புக்கு."

கூடக் கழுவும் செல்வி அக்கா என்னைக் கிள்ளினார். "வாயை மூடு பிள்ளை, வேலை போயிடும்."

"போகட்டும் அக்கா."

மேலாளர் பார்த்துக்கொண்டிருக்க, அக்காவுக்குத் தலைகுனிந்து உரக்கச் சொன்னேன்: "ஒட்சுகரேசமா."

பயந்து நின்ற அக்கா ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அதைவிட உரக்க எனக்குத் திருப்பிச் சொன்னார்.

இன்று வேறு வேலை. களைத்துப் போகிறவர்களுக்கு இன்னும் அதைத்தான் சொல்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.