குளிருது என்று ஒரு புகார்

இன்று செம்பட்டியில் ஒரு கல்யாண மண்டபம். மூன்று மாதத்துக்கு முன் நாங்கள் மாட்டிய புது ஏசிகளுக்கு முதல் சர்வீஸ் செய்யப் போனேன்.

மண்டபத்துக்காரர் வாசலிலேயே மறித்தார். "ஒண்ணும் ரிப்பேர் ஆகலையே, எதுக்குத் தம்பி வந்த?"

"ஆகாம இருக்கத்தாண்ணே வந்தேன். சர்வீஸ விட்டா வாரண்டி போயிரும்."

அரை மனதோடு மொட்டை மாடிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஆறு அவுட்டோர் யூனிட்டுக்கும் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது.

"புது மெஷினு, வெயில்ல காயுதேன்னு நாந்தான் போர்த்தி விட்டேன்."

"சூடு வெளிய போகாம அதுக்கு மூச்சு முட்டும்ணே" என்று எல்லாவற்றையும் அவிழ்த்தேன். ஃபில்டர்களைக் கழுவி மாட்டினேன். சர்வீஸ் தாளைக் கையெழுத்துக்கு நீட்டினால் அவர் பேனாவைத் தொடவில்லை.

"நீ எதைச் சரி பண்ணுனேன்னு சொல்லு, கையெழுத்துப் போடுறேன்."

கெடாத ஒன்றில் எதைச் சரி செய்தேன் என்று சொல்வது? வெறும் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

திண்டுக்கல் வருவதற்குள் அவரே போன் செய்தார். "தம்பி, இம்புட்டு நாளா இப்படிக் குளிர்ந்ததே இல்ல. என்னத்தையோ கெடுத்துட்டுப் போயிட்ட. வந்து பழையபடி ஆக்கு, கையெழுத்துப் போடுறேன்."

பாதி வழியில் இறங்கி நிற்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போய்த் தார்ப்பாயைத் திரும்பக் கட்டிவிடவா?