பச்சைப் பொட்டு வைத்த கெட்டில்

அந்தத் தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லோருக்கும் அவள் தூக்கு அக்கா. மின்சாரக் கெட்டில் செய்கிற இடம் அது. மாடியில் ஒரு சின்ன அறை. அங்கே ஓர் இரும்புக் கை தண்ணீர் நிறைந்த கெட்டிலைக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கும், சாய்க்கும், திரும்பக் கீழே வைக்கும். பக்கத்துப் பெட்டியில் ஓர் எண் ஏறும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் பதினோரு வருஷமாக அவள் வேலை.

"என்னக்கா, இன்னைக்கு யாருக்குத் தூக்கு?" என்று பேக்கிங் பெண்கள் தினமும் கேட்பார்கள்.

"வாயாடுறவளுக்குத்தான்" என்று அவளும் தினமும் சொல்வாள்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. சோதனை முடிந்த கெட்டிலைக் கடைக்கு அனுப்ப முடியாது. அடியில் பச்சை மையால் ஒரு பொட்டு வைத்து, வேலை செய்கிறவர்களில் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். புதுசைவிட இதற்குத்தான் அங்கே மவுசு. புதுசு எப்படி இருக்குமோ, இது பரீட்சை எழுதிப் பாஸான பிள்ளை என்பார்கள். பொய்யும் இல்லை. பத்தாயிரம் தடவை தூக்கியும் அசராத ஒன்று அவள் வீட்டிலேயே பத்து வருஷமாக உழைக்கிறது. அதன் கைப்பிடியை இரண்டு எஃகுத் திருகுகள் பிடித்திருக்கின்றன.

இந்த வருஷம் வந்த மாடலில் திருகு கிடையாது. கைப்பிடியில் இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள். அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். கூடவே சோதனையும் பத்தாயிரத்திலிருந்து இரண்டாயிரமாக இறங்கியது. ஏன் என்று அவள் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"வீட்டுல ஒரு நாளைக்கு எத்தனை தடவை தூக்குவாங்க? அஞ்சு. வருஷத்துக்கு ரெண்டாயிரம்கூட வராது. வாரண்டி ஒரு வருஷம்தானே? அதுக்கு மேல அது உழைச்சா நமக்கு என்ன, உழைக்கலைன்னா நமக்கு என்ன?"

அவளும் சரி என்று விட்டுவிட்டாள். இரண்டாயிரம் வந்ததும் நிறுத்தினாள், தாளில் 'பாஸ்' என்று எழுதினாள், பொட்டு வைத்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு மொத்தமாக வாங்குகிறவர்கள் பார்வையிட வருவதாக இருந்தது. மேசை துடைக்க, மாதிரிகளை அடுக்க என்று சூப்பர்வைசர் அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போனார். அவசரத்தில் மெஷினை நிறுத்த மறந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்துப் படியேறி வந்தால், அறையெல்லாம் தண்ணீர். கெட்டில் தரையில் கவிழ்ந்து கிடந்தது. இரும்புக் கை வெறும் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு தூக்கியது, சாய்த்தது, வைத்தது. கெட்டில் விழுந்த நொடியில் எண் நின்றுவிட்டிருந்தது. 2316.

இரண்டு கொக்கிகளும் ஒரே மாதிரி முறிந்திருந்தன. துடைப்பத்தை எடுக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

தங்கச்சிக்கு ஒன்று கொடுத்திருந்தாள். போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பொட்டைக் காட்டி, "பாஸானது, பத்திரமா வெச்சுக்கோ" என்று சொல்லிக் கொடுத்தது. தங்கச்சி அதை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி ஒரு தையல் கூடத்தில் நாற்பது பேருக்கு டீ கொடுக்கிறவள் அவள். ஒரு கெட்டிலுக்கு நாலு கப், வேளைக்குப் பத்துக் கெட்டில். குழாயிலிருந்து மேசைக்கு ஒரு தூக்கு, ஊற்ற ஒரு தூக்கு. காலையில் இருபது, மதியம் இருபது.

தூக்கு அக்காவுக்கு மனக்கணக்கு தண்ணீர் பட்ட பாடு. முதல் வாரம் ஆறு நாள், இருநூற்று நாற்பது. நேற்று நாற்பது. ஏற்கெனவே இரண்டாயிரம் தூக்கிய கெட்டில் அது. ஒரே அச்சில் வார்த்தாலும் கொக்கிக்குக் கொக்கி முன்னே பின்னே இருக்கும். மணி பத்து இருபது. பத்தரைக்குத் தங்கச்சி முதல் கெட்டிலைப் போட்டுவிடுவாள்.

தங்கச்சிக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் தங்கச்சியின் போன் பையில் கிடக்கும்.

"கேட் பாஸ் வேணும் சார். ஒரு மணி நேரம்" என்று கீழே போய்ச் சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"இப்பவா? ஆளுங்க வர்ற நேரத்துல?"

"கைப்பிடி கழண்டிடுச்சு சார். இதே மாதிரி ஒண்ணு என் தங்கச்சிகிட்ட இருக்கு."

"எத்தனையில கழண்டுச்சு?"

"ரெண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு."

"அப்போ பாஸ்தானேம்மா" என்றார் அவர். முகத்தில் நிஜமான நிம்மதி. "தரையைத் துடைச்சு விடு, போ."

அவள் தரையைத் துடைக்கவில்லை. பாஸும் வாங்கவில்லை. லாரி உள்ளே வரக் கேட் திறந்தபோது வெளியே நடந்துவிட்டாள்.

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றாள். மனசுக்குள்ளே அந்த எண் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. இப்போது முதல் கெட்டில் கொதித்திருக்கும். இப்போது ஊற்றுவாள். ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு தூக்கு கூடியது. அதைக் கையில் கொடுத்தது யார் என்ற கேள்வி வந்தபோது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தையல் கூடத்தின் பின்கதவு திறந்திருந்தது. தங்கச்சி மூன்றாவது கெட்டிலைத் தூக்கி, நாலாவது கப்பில் ஊற்றிக்கொண்டிருந்தாள். மேசை ஓரத்தில் அவள் வயிறு இடித்துக்கொண்டு இருந்தது. கெட்டிலின் அடி நேராக, கப்பைப் பிடித்திருந்த அவள் இடது கைக்கு மேலே. கத்தினால் திடுக்கிடுவாள். அக்கா வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். மெதுவாக நடந்துபோய், புடவைத் தலைப்பை மடித்துக் கெட்டிலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினாள்.

"என்னக்கா இது?"

"கீழே வை. மெதுவா."

கெட்டில் மேசைக்கு வந்தது. அக்காவின் உள்ளங்கை சிவந்திருந்தது.

விஷயத்தைக் கேட்டதும் தங்கச்சி சிரித்துவிட்டாள். "நல்லாத்தானே இருக்கு? ஆட்டம்கூட இல்லை. பாஸான பிள்ளையை நீயே ஃபெயிலாக்க வந்தியா? இன்னும் இருபத்தெட்டு பேரு டீக்குக் காத்திருக்காங்க, நகரு."

அக்கா நகரவில்லை. கெட்டிலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்தாள். தொட்டிக்கு மேலே தூக்கினாள், சாய்த்தாள், வைத்தாள். ஒன்று. ஐந்து வந்தது. ஒன்பது வந்தது. கைப்பிடி கல் மாதிரி இருந்தது. தையல் மெஷின்களை விட்டு இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உங்க அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"வேலை ஞாபகம்" என்றாள் தங்கச்சி. பதினைந்தில் அவள் முகம் சுருங்கியது. "போதும்க்கா. மானம் போகுது."

பதினெட்டு. பத்தொன்பது. அக்காவுக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒரு கெட்டிலுக்காக வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து நிற்கிறோமோ?

இருபதில் டக் என்று ஒரு சின்னச் சத்தம், பேனா மூடி திறக்கிற மாதிரி. கைப்பிடி அவள் கையில் நின்றது. கெட்டில் தொட்டியில் விழுந்து உருண்டது. அடியிலிருந்த பச்சைப் பொட்டு மேலே பார்த்தது.

தங்கச்சி விரல் மடக்கி எண்ணினாள். இந்த வேளையில் ஆறு முடிந்தது, மீதி பதினாலு. மதியத்தில் ஆறு. மதியம் மூன்றாவது கெட்டில், ஊற்றுகிற தூக்கு. தன் இடது கையை ஒரு முறை திருப்பிப் பார்த்துவிட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இந்த மாடல்ல பொட்டு வெச்சது இது ஒண்ணுதானா?"

அக்கா போனை வெளியே எடுத்தாள். ஆறு. ஆறையும் தன் கையாலேயே பொட்டு வைத்துக் கொடுத்திருந்தாள். ஒன்று இங்கே. ஒன்று வாட்ச்மேன் வீட்டில். மூன்று பேக்கிங் பெண்களிடம். ஒன்று, தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிற, கைக்குழந்தை வைத்திருக்கிற மெஷின்காரியிடம். பால் புட்டி கழுவ வெந்நீர் வேணும் என்று கேட்டு வாங்கினாள். கடைக்குப் போன பெட்டிகளை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. முதலில் இந்த ஐந்து.

மெஷின்காரி இந்த வாரம் விடுப்பு. அவளுக்குத்தான் முதல் போன். மூன்றாவது மணியில் எடுத்தாள். பின்னால் குழந்தை அழுகிற சத்தம்.

"சொல்லுங்கக்கா, கையில வேலையா இருக்கேன்."

"கெட்டில் கையில இருக்கா?"

"ஆமா, தண்ணி இப்பத்தான் கொதிச்சுது. ஏன்?"

"அப்படியே கீழே வை. அடியில கை கொடுத்து வை."

"என்னக்கா, பாஸானதுதானே இது?"

"நான்தான் அப்படி எழுதினேன்" என்றாள் தூக்கு அக்கா. "வெச்சிட்டியா? வெச்சிட்டேன்னு வாயால சொல்லு."