அண்ணன் ஓட்டிய லோடு

எங்கள் வீட்டுப் பிக்கப் வண்டிக்கு முதல் வருடத்திலேயே மூன்று முறை பின்பக்க ஸ்பிரிங் பட்டை உடைந்தது. அச்சுக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருக்கும் இரும்புப் பட்டைகள் அவை. பாரம் முழுவதையும் தாங்குவது அவைதான். மூன்று முறையும் போனது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற மெயின் பட்டை. மூன்று முறையும் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

வண்டி அண்ணன் வாங்கியது. குவைத்தில் தண்ணீர் லாரி ஓட்டிச் சேர்த்த காசில் முன்பணம் கட்டியிருந்தார். அவர் வரும்வரை நான் ஓட்ட வேண்டும். வண்டி தன் தவணையையும் கட்டி வீட்டுக்கும் கொஞ்சம் கொடுத்தால் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிடுவார். ஏற்பாடு அவ்வளவுதான். திருப்பனந்தாளுக்குக் கிழக்கே எங்கள் ஊரில் அப்போது வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருந்தார். போனவர்கள் லீவில் வருவார்கள், போவார்கள். வந்து தங்கியவர் என்று யாரும் இல்லை. அண்ணன் தங்கப்போகிறார் என்று அண்ணி தெருவெல்லாம் சொல்லிவிட்டிருந்தார்.

விற்கும்போது ஷோரூமில் டை கட்டிய ஒருவர், "இருபது மூட்ட நெல்லு தாராளமா ஏத்தலாங்க" என்றார். உடைந்த பிறகு அதே ஷோரூமின் சர்வீஸ் பக்கம் போனால் அங்கே வேறொருவர். அவர் குனிந்து பார்க்கக்கூட இல்லை.

"என்ன லோடு, நெல்லா?"

"ஆமாங்க."

"ஓவர்லோடு. வாரண்டி வராது."

நெல் என்றாலே ஓவர்லோடு என்று யார் அவருக்குப் பாடம் நடத்தினார்களோ தெரியாது. நான் பதினைந்து மூட்டைக்கு மேல் ஏற்றியதே இல்லை. பெரியப்பா மகன், "இன்னும் அஞ்சே மூட்டதானடா" என்று களத்தில் நின்று கெஞ்சியபோதும், ஏற்றிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வந்தேன். அறுவடை நேரத்தில் சொந்தக்காரன் மூட்டையை இறக்குவது எங்கள் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவர் இன்றுவரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இவ்வளவு கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டு, வண்டியையும் ஒழுங்காக ஓட்டி, கடைசியில் ஓவர்லோடு என்ற பட்டமும் எனக்கே.

வெள்ளிக்கிழமைதான் அண்ணனுக்கு ஓய்வு. அன்றைக்குப் போன் வரும். எப்படி இருக்கிறாய் என்பதற்கு முன்பே, "எத்தன மூட்டடா ஏத்துன?" என்பார்.

"பதினஞ்சுண்ணே."

"சரி, வை" என்பார். நம்பவில்லை என்று அர்த்தம். அந்தக் கோபத்தில் மில் வாசலில் எதிர்ப்பட்டவர்கள் மீதெல்லாம் எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது பட்டையும் மாற்றியான பிறகு, தை அறுவடைக்கு அண்ணன் லீவில் வந்தார். வந்த மறுநாள் சாப்பிடும்போதே சொல்லிவிட்டார்.

"இந்த லீவு முழுக்க வண்டிய நான் ஓட்டுறேன். உன் ஓட்டுதான் சரியில்லன்னா நான் திரும்பிப் போகல. இங்கயே இருந்து நானே ஓட்டிக்கிறேன். வண்டியே சரியில்லன்னா வித்துத் தொலச்சிட்டுப் போயிடுறேன்."

ரசம் ஊற்ற வந்த அண்ணியின் கை அப்படியே நின்றது. பிறகு எதுவும் கேட்காதவர் போல ஊற்றிவிட்டு உள்ளே போனார். நான் மோசமான டிரைவர் என்று தெரிந்தால் அண்ணன் வீட்டோடு இருப்பார். எனக்கோ இருந்தது ஒரே ஆசை. அவர் கண் முன்னால் பட்டை உடைய வேண்டும்.

உடைந்தது. சீர்காழிப் பக்கம் ஒரு மில்லுக்கு நெல் கொண்டு போனோம். மூட்டைகளை அண்ணனே பார்த்து ஏற்றினார்; என் கணக்கைவிடக் குறைவாகத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மண்ணியாற்றுப் பாலம் தாண்டியதும் நல்ல ரோடு, பள்ளம் கூட இல்லை. பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உரச ஆரம்பித்தது. எனக்கு உள்ளுக்குள் குதூகலமாக இருந்தது. சொல்வதற்கு என்ன, நிஜம் அதுதான்.

அண்ணன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பட்டை உடைந்த வாயில் பாதி துருப்பிடித்துக் கறுத்திருந்தது, பாதி பளபளவென்று புதிதாக இருந்தது. விரிசல் முன்பே விட்டிருக்கிறது. இன்றைக்கு அறுந்து போயிருக்கிறது. அவர் அந்தக் கறுத்த பாதியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"உண்மையச் சொல்லு. கோவிச்சுக்க மாட்டேன். நான் வர்றதுக்கு முன்னாடி இந்தப் பட்டையில அதிகமா ஏத்துனியா?"

குரலில் அதட்டல் இல்லை. அப்படி அவர் என்னிடம் அதற்கு முன் கேட்டதில்லை.

"அம்மா சத்தியமா இல்லண்ணே. ஒரு தடவகூட இல்ல."

படுத்த வாக்கிலேயே என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். வெளியே வந்து மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டார். "உன் மேல தப்பில்லடா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் தோளில் கை வைத்துக்கொண்டு, மூட்டைகளை மாற்றி ஏற்ற வேறு வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தபடி நின்றார்.

வண்டியை வந்த விலைக்குத் தள்ளினோம். லீவு முடியும் முன்பே அண்ணன் குவைத்துக்குத் திரும்பிப் போகச் சென்னைக்குப் பஸ் ஏறினார். அவரை ஏற்றிவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். பாலத்துக்குப் பக்கத்தில் நடந்ததையெல்லாம் அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார் போல.

"நான்தான் அதிகமா ஏத்திட்டேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி?" என்றார் தலையைத் தூக்காமல். "இன்னொரு பட்ட மாத்திட்டு இங்கயே இருந்திருப்பாரு."