செந்தில் கை பதிந்த பானை

ஈரப்பானையைத் தட்டுகிற சத்தம் கேட்டிருக்கிறீர்களா? தப்... தப்... தப்... பால் குடித்த குழந்தையின் முதுகில் தட்டுவது மாதிரி இருக்கும். 1991-ல் சேரப்பணஞ்சேரியில், எங்கள் வீட்டில் காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தால் சோறு வடிக்கிற வரைக்கும் அந்தச் சத்தம்தான்.

என் வீட்டுக்காரர் சக்கரத்தில் வனைந்து வைப்பார். அது அடி இல்லாத பானை. மறுநாள் அதை மடியில் வைத்து, உள்ளே ஒரு கல்லைப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டி அடியை மூடுவது என் வேலை. அடுப்பில் உலை, மடியில் பானை, பக்கத்தில் பத்து மாதப் பையன் செந்தில். நிற்கத் தெரியாது, தவழ்வான். கையில் ஒரு உருண்டை மண்ணைக் கொடுத்தால் அரை மணி நேரம் சத்தமே வராது. அதில் பாதி வயிற்றுக்குள் போயிருக்கும், அது வேறு கதை.

ஆடி மாதம் ஒரு நாள், நான் தட்டி முடித்த பானையில் தன் வலது கையைப் பச்சென்று வைத்தான். ஐந்து விரலும் அழகாக விழுந்தன.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சூளைக்குப் போகும் முன் ஈரத்துணியால் பானையைத் தடவி, விரல் தடம் ஒன்றுகூட இல்லாமல் செய்துவிட வேண்டும். தடம் வெந்துபோனால் அந்த ஆளைப் பானை விடாது என்பார்கள்.

நான் தடவவில்லை. பெற்ற பிள்ளையின் கை, அழிக்க மனசு வரவில்லை. விற்காமல் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

சூளை பிரித்த மறுநாள் காலை வீட்டுக்காரர் சைக்கிளில் சரக்கு கட்டிக்கொண்டு சுங்குவார்சத்திரம் போய்விட்டார். மீதிப் பானைகள் வாசலில் இருந்தன. கை பதிந்ததையும் நான் இன்னும் உள்ளே எடுத்து வைக்கவில்லை. நான் உள்ளே செந்திலுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ கூப்பிட்டார்கள். சாவு வீடாம், ஒரு பானை வேண்டுமாம்.

எழுந்து போயிருக்கலாம். பிள்ளை அப்போதுதான் கண் சொருகினான். முன்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று உள்ளிருந்தே சொல்லிவிட்டேன்... அவனைப் படுக்கவைத்துவிட்டு வெளியே வந்தால், கை பதிந்த அந்தப் பானை, வந்தவர் தோளில் தெருமுனை திரும்புகிறது.

சாவுக்குப் பானை எடுத்துப் போகிறவரைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் சாவு நம் வீட்டுக்குத் திரும்பும். வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

அந்தப் பானைக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். தண்ணீர் நிரப்பி, தோளில் வைத்துப் பிணத்தை மூன்று சுற்று. சுற்றுக்கு ஒரு ஓட்டை. கடைசியில் திரும்பிப் பார்க்காமல் பின்பக்கம் போட்டு உடைப்பார்கள்.

அன்று சாயங்காலம் செந்திலுக்குக் காய்ச்சல் வந்தது. படப்பை டாக்டர் ஊசி போட்டும் இறங்கவில்லை. பிள்ளை அழக்கூட இல்லை. வலது கையை மட்டும் மூடி மூடித் திறந்தான். என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு, மண் பார்த்துவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டு ஏரிக்கரைச் சுடுகாட்டுக்குப் போனேன். பொம்பளை போகிற இடம் இல்லை. நல்ல வெயில். ஒரு காக்கா சத்தம்கூட இல்லை.

அங்கே பிணம் எரிக்கும் ஏழுமலை சாம்பல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவே இல்லை. துண்டுக்கடியில் இருந்து ஒரு பானைச் சில்லை எடுத்து நீட்டினார். மற்றதெல்லாம் தூள், அந்தக் கை விழுந்த இடம் மட்டும் முழுசு.

"இத்த தேடிகினுதானே வந்த தங்கச்சி? மிதிக்க மனசு வர்ல, எடுத்து வச்சேன்."

வாங்கிக்கொண்டு திரும்பினேன்.

"உன் புள்ள கூட இப்பத்தான் வந்து, அது மேல கைய வச்சுப் பாத்துட்டுப் போச்சு."

என் புள்ளையா என்று கேட்டேன்.

"ஆமா... தவழ்ந்துகினு வந்துச்சு. பின்னாலயே நீ வரன்னு நெனச்சேன்."

எப்படி ஓடி வந்தேன் என்று தெரியவில்லை.

செந்தில் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். உடம்பு சில்லென்று இருந்தது, காய்ச்சல் சுத்தமாக இல்லை. வலது உள்ளங்கை முழுக்கச் சாம்பல். இவன் எங்கே போனான் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"எங்க போவான்? நான் இங்கியேதான் குந்திகினு கீறேன். சூளை வைக்கிற வூட்ல சாம்பலுக்கா பஞ்சம்?"

சூளைச் சாம்பல் எனக்குத் தெரியாதா? வரட்டியும் வைக்கோலும் எரிந்த சாம்பல், தேய்த்தால் மாவு மாதிரி இருக்கும். செந்தில் கையில் இருந்தது நறநறவென்று இருந்தது. மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினேன். அந்தச் சில்லை அம்மியில் தூளாக்கி ஏரியில் கரைத்தேன். இன்றுவரை வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சுடுகாட்டை ஒட்டி கம்பெனி காம்பவுண்ட் சுவர். செந்தில் வல்லம் வடகால் ஃபாக்டரியில் லைன் சூப்பர்வைசர், ஷிப்ட், ஓ.டி. என்று நன்றாக இருக்கிறான். எனக்கும் கரண்ட் சக்கரம் வந்துவிட்டது. பூந்தொட்டி, தட்டு என்று வாட்ஸப்பில் ஆர்டர் வருகிறது. மடியில் பிள்ளையும் உலையில் சோறுமாக அல்லாடியது போய், நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன்.

போன வாரம் ஒரகடம் ஃபிளாட்டில் இருந்து ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். நான் தண்ணீர் கொண்டுவர உள்ளே போய்த் திரும்புவதற்குள், ஈரத்தட்டில் குழந்தையின் கையை அழுத்திவிட்டாள். மெமரிக்கு வேண்டுமாம், சுட்டுத் தர வேண்டுமாம்.

அன்றைக்கு அழிக்க மனசு வராத எனக்கு, இப்போது ஒரு நொடிகூட யோசிக்கத் தோன்றவில்லை. ஈரக்கையால் ஒரே தடவலாகத் தடவி வழித்துவிட்டேன்.

"ஏன் ஆன்ட்டி இப்படிப் பண்ணீங்க?"

 கோபமாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இனி வரமாட்டாள். வாசல் வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். குழந்தையின் இரண்டு கையும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அது போதும்.