கேட்டது, கதைக்க முடியவில்லை

போன வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கிய காலம். வேலணையில் மின்னணுப் பொருட்கள் திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். நெடுந்தீவுக் கடற்றொழிலாளர் ஒருவர் தன் படகின் வயர்லெஸ் கருவிக்கு, இருபத்துநாலு வோல்ட் பற்றரியிலிருந்து பன்னிரண்டு வோல்ட் எடுத்துத் தரும் பெட்டி கேட்டார். நானே செய்து, ஒரு பல்பை மணிக்கணக்காக எரியவிட்டுச் சோதித்துக் கொடுத்தேன். பன்னிரண்டு வோல்ட் அசையவேயில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

சில நாளில் தொலைபேசியில் கூப்பிட்டார். "தங்கச்சி, கேக்குது. ஆனா கதைக்கப் பொத்தானை அமத்தினா வயர்லெஸ் செற் செத்துப்போகுது."

"பெட்டி நல்லாத்தான் இருக்கு அண்ணை, செற்றைப் பாருங்கோ" என்று வைத்துவிட்டேன்.

அடுத்த கிழமை அவருடைய மனைவி தொலைபேசியில் பேசினார். நடுக்கடலில் இயந்திரம் நின்று, அவர் பாதி நாள் அலையில் மிதந்திருக்கிறார். தற்செயலாக வந்த படகொன்று கட்டி இழுத்து வந்ததாம். "வீட்டுச் செற்றில நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுததெல்லாம் அவருக்குக் கேட்டிருக்கு தங்கச்சி. பதில் சொல்லத்தான் ஏலாமப் போச்சு."

மறுநாள் காலை, மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் அலைகாட்டியைத் துவாயில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகு ஏறினேன்.

அவரது படகில் மீற்றர் வைத்துப் பார்த்தால், பொத்தானை அழுத்தினாலும் அதே பன்னிரண்டு. அவரோ பெட்டியிலிருந்த சிறு விளக்கைக் காட்டினார். "அமத்தேக்க இது ஒருக்காக் கண்ணடிக்குது, பாரும்."

அலைகாட்டியை மாட்டினேன். பொத்தானை அழுத்திய கணத்தில் கோடு எட்டு வோல்ட்டுக்குப் பள்ளமாக விழுந்து, மீற்றர் உணருமுன் எழும்பிவிட்டது! நான் நிலையான சுமையைத்தான் சோதித்திருந்தேன். சுமை திடீரென ஏறும்போது என்ன நடக்கும் என்று பார்க்கவேயில்லை. வெளிவரும் மின்னழுத்தத்தைக் கவனித்துத் திருத்தும் சுற்றை, ஆடாமல் இருக்கட்டும் என்று மந்தமாக வைத்ததும் நான்தான்.

பெட்டியையும் செற்றையும் பற்றரியையும் கழற்றிக் கொண்டுவந்து, அவர்களுடைய வீட்டு விறாந்தையில் ஈயம் பற்றவைக்கும் கோலுடன் உட்கார்ந்தேன். அந்தச் சுற்றை விரைவாக்கினேன். இப்போது கோடு நடுங்கியது. கொஞ்சம் தணித்தேன். மின்னைத் தேக்கும் கப்பாசிற்றர்கள் இரண்டை வெளிவாயோடு ஒட்டி வைத்தேன். அவர் பொத்தானை மீண்டும் அழுத்தினார். பதினொன்றரைக்குக் கீழே இறங்கவில்லை! வாய்விட்டுக் கத்திவிட்டேன். அவர் பயந்தே போனார்.

பின்னேரம் படகை வெளியே கொண்டுபோனார். அவர் மனைவி, அந்த அக்கா, கரையில் வீட்டுச் செற்றை இரண்டு கையாலும் பிடித்தபடி, "கேக்குதோ?" என்றார். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"ஓமோம், கேக்குது. சோத்தைப் போடு, பசிக்குது."

அக்கா சிரித்துக்கொண்டே அழுதார், நானும்தான்.

என் கருவி சரி என்று காட்டும்போதும், எதிரில் நிற்பவர் 'சரியில்லை' என்றால் அவரை நம்பித் தேடத் தொடங்குவதுதான் என் தொழிலின் முதல் வேலை என்று அன்றிலிருந்து நினைக்கிறேன்.